வெப்பம் போகிற இடம்

உங்கள் அறை ஏசியின் ஃபில்டரை யாராவது கழற்றிக் கழுவினால் நன்றாக இருக்கும், மேடம். குளிர் வருகிறது, ஆனால் தூசி அடைத்துக்கொண்டு திக்கித் திணறி வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் புத்தி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் காற்று வருகிற வழியைத்தான் தேடும்.

நானாகவே ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். எழுதிக்கொள்கிறவரும் மெதுவாகவே எழுதட்டும். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

நான் லேப்டாப் பழுது பார்க்கிறவன். கடை கிடையாது, வீட்டிலேயே வேலை. என்னிடம் வருகிறவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே நோய்தான், சூடு. மெத்தை மேலும் போர்வை மேலும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படம் பார்ப்பார்கள். காற்றை இழுக்கிற துளைகள் அடியில்தான் இருக்கின்றன என்று யாருக்கும் தோன்றாது. உள்ளே ஃபேனில் பஞ்சுபோலத் தூசி அப்பிக் கிடக்கும். "வைரஸ் வந்துடுச்சு போல" என்று துக்க முகத்தோடு கொண்டு வந்து கொடுப்பார்கள். நானும் மறுத்துப் பேசாமல் தலையாட்டிவிட்டு, திறந்து, தூசியைத் தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்துவதற்காக அதன் மேல் தடவியிருக்கிற, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவிக் கொடுப்பேன். வைரஸ் போய்விட்டது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

வீட்டில் மூன்று பேர். நான், அக்கா, மாமா. மாமா என்றால் அக்காவின் கணவர். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். சின்ன வயதில் நான் உருண்டையாக இருப்பேன், அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் குண்டன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அக்கா செல்போன் கடையில் கவுண்டரில் இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வழி கேட்க உள்ளே வந்தவர் கையில்கூட ஒரு போன் உறையைத் திணித்து அனுப்பிவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் ஈரம். அவள் கையில் தண்ணீர் கேன். விழுந்ததில் கழுத்தில் அடி. தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. குரலும் பாதியாகிவிட்டது, மூச்சு பத்தாததால் உரக்கப் பேச வராது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

அவளைப் பயிற்சி செய்விக்க வருகிற பிசியோ அம்மா முதல் நாளே என்னை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். கழுத்தில் இப்படி அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. நமக்கெல்லாம் சூடு ஏறினால் உடம்பு தானாக வியர்த்து ஆறிக்கொள்ளும். இவர்களுக்கு அது நடக்காது. வெளியே எவ்வளவு சூடோ, உள்ளேயும் ஏறிக்கொண்டே போகும். அறையைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், குளிர்ச்சி நின்றால் உடனே ஈரத்துணி போட்டு விசிற வேண்டும், கவனம் தப்பினால் உயிருக்கே ஆபத்து என்றார். எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "ஃபேன் ஓடாத பிராசசர்" என்றேன். பிசியோ அம்மாவுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "பாருங்க, என்னை மிஷின்னு சொல்றான்" என்று சிரித்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் அவள் உடம்பின் சூட்டைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மாமா ஒரு பழைய ஏசியை வாங்கி வந்தார், சக்கரம் வைத்தது. சுவரை உடைத்து நிலையான ஏசி மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இந்த மாதிரி ஏசிக்குப் பின்னால் தடியாக ஒரு குழாய் இருக்கும், வெந்த காற்றை வெளியே தள்ள. அதைச் சன்னலுக்கு வெளியே நீட்டி வைத்தோம். வீட்டில் இருந்த ஒரே படுக்கையறையை நடுவில் பிளைவுட் அடித்துப் பிரித்தோம். சன்னல் பக்கம் அக்காவின் கட்டில், இந்தப் பக்கம் என் வேலை மேசை. தடுப்புக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி, நடுவில் ஒரு சின்னக் கதவு.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். அவள் அக்குளில் ஒட்டி வைக்கிற சின்ன வெப்பமானி, தலைமாட்டில் ஒரு மைக். இரண்டும் என் லேப்டாப்பில் வந்து சேரும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்குக் காவல் என்று பெயர் வைத்தேன். உடம்பு சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கும். அவள் 'குண்டா' என்று முணுமுணுத்தால்கூட என் ஹெட்போனில் வந்துவிடும். ஒருமுறை டிவியில் எவளோ ஒருத்தி எவனையோ 'குண்டா' என்று திட்ட, நான் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிப்போய் நின்றேன். அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள். மூன்று வருடம் அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டேன், மேடம். கண்ணும் கருத்துமாக. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த கேமிங் லேப்டாப் அவள் வாங்கித் தந்தது. மாமாவிடம் அடம்பிடித்து வாங்க வைத்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். "உன் வயசுப் பசங்க ஊரைச் சுத்துறாங்க, நீ என் காலைப் பிடிச்சுவிட்டுட்டு உக்காந்திருக்க. இதையாவது வச்சுக்க" என்றாள். நான் அதில் விளையாட்டு எதுவும் பெரிதாக ஆடவில்லை. எனக்குப் பிடித்தது வேறு.

கம்பெனி ஒரு பிராசசருக்கு ஒரு வேகத்தை வைத்து அனுப்புகிறது. அதற்கு மேலேயும் அதால் ஓட முடியும். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், அதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். வேகம் ஏறினால் சூடு ஏறும். சூடு ஓர் அளவைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். அதைக் குறைக்க விடாமல் வைத்திருப்பதில்தான் வித்தை. மேசைக் கம்ப்யூட்டரில் பெரிய பெரிய ஃபேன் மாட்டலாம். லேப்டாப் ஒரு சாப்பாட்டுத் தட்டின் கனம், உள்ளே இடமே கிடையாது. மின்னழுத்தத்தை மயிரிழை மயிரிழையாகக் குறைப்பேன். பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் தடவுவேன், ஒரு துளி தப்பினால் போர்டே போய்விடும். பாட்டில் மூடிகளை அடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி வைப்பேன். இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருப்பது ஒன்றுதான், அறையின் சூடு. அறையில் ஒரு டிகிரி குறைந்தால் பிராசசரிலும் ஒரு டிகிரி குறையும். அதற்கு மாற்று வழி கிடையாது.

இதற்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பட்டியல். சோதனை புரோகிராமை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும், வேகம் ஒரு கணம்கூடச் சரியக் கூடாது. என் மாடலில் நான் இரண்டாவது. முதலில் இருந்தவன் பனிக்கரடி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். எந்த நாட்டுக்காரன் என்றுகூடத் தெரியாது. குளிர் நாட்டில் இருக்கிறான் என்று மட்டும் நிச்சயம். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் அவனுக்கு, அதை நினைத்தாலே வயிறு எரியும்.

அக்காவுக்கும் இதில் பைத்தியம் பிடித்துவிட்டது. தினமும் காலையில் முகம் துடைத்துவிடும்போது முதல் கேள்வி, "கரடியை முந்திட்டியா?" நான் இல்லை என்றால், "அப்ப எனக்கு எதுக்குடா பல் தேய்ச்சுவிடுற, போய் வேலையைப் பாரு" என்பாள். அவள் உலகம் அந்தக் கட்டில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கரடியோடு நடந்த பந்தயம் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அன்றைக்குக் காலையில் பனிக்கரடி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தான். பட்டியல் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது, பிறகு அடுத்த வருடம்தான். மாமா இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகப் போன் செய்திருந்தார். மாமா வீட்டில் இருந்தால் அக்கா பக்கத்திலிருந்து ஏசியை ஓர் அங்குலம் நகர்த்த விடமாட்டார். அதனால் மதியமே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, ஒரு காக்காயைக்கூடக் காணோம்.

லேப்டாப்பை அக்கா பக்கத்தில் வைத்து ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பல தடவை ஓட்டியிருக்கிறேன். அவள் பக்கம் பெரியது, குளிர் பரவிப் போய்விடும். என் பக்கம் சின்னது, கதவை மூடிவிட்டு ஏசியை உள்ளே வைத்தால் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஜில்லென்று ஆகிவிடும். அக்காவிடம் கேட்டேன். கேட்காமல் எடுக்கவில்லை. "ஒரு மணி நேரம்தானே, கொண்டு போடா. கரடி தோலோட வா" என்றாள். ஈரத் துண்டுகளைப் பிழிந்து அவள் நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் போட்டேன். டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். காவல் ஓடிக்கொண்டிருந்தது. பிசியோ அம்மா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.

முதல் ஓட்டம் அவ்வளவு அழகாகப் போயிற்று. சூடு எல்லைக்கு ஒரு டிகிரி கீழே அசையாமல் நின்றது. திரையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது ஹெட்போனில் "குண்டா" என்று கேட்டது.

மைக்கில் அவள் குரல் வந்தால் காவல் விழித்துக்கொள்ளும். விழிக்கும்போது பிராசசரிடமிருந்து ஒரு வாய் பிடுங்கிக்கொள்ளும். மற்ற நேரத்தில் தெரியவே தெரியாது. எல்லையில் நிற்கும்போது அது போதும். வேகக் கோடு ஒரே ஒரு இடத்தில் பல் விழுந்த மாதிரி சரிந்தது. ஓட்டம் செல்லாது என்று திரை சொன்னது.

எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து உள்ளே போனேன். அவள் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாள். குழலை வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தேன். துண்டுகளை மறுபடி நனைத்துப் போட்டேன், அவை காய்ந்துபோயிருந்தன. அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தப் புரோகிராமும் வேண்டியதில்லை.

"நான் கூப்பிட்டதுல கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா, அதுவா நின்னுடுச்சு."

"பொய் சொல்லாத. இன்னொரு தடவை ஓட்டு. இனிமே நான் வாயைத் திறந்தா கேளு."

"ரொம்ப சூடா இருக்காக்கா?"

"இருக்கு. போ, பரவாயில்ல. நீயும்தான் எத்தனை நாள் ஆசைப்பட்டுட்ட."

இதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. என் பக்கம் வந்து கதவை மூடினேன். வரும்போது டேபிள் ஃபேனையும் எடுத்து வந்தேன். அந்த வெயிலில் அது அவளுக்கு வெந்த காற்றைத்தான் வீசிக்கொண்டிருந்தது, எடுத்ததால் பெரிய நஷ்டம் இல்லை என்று அப்போது கணக்குப் போட்டேன். லேப்டாப்புக்குப் பின்னால் வைத்தால் அரை டிகிரி கிடைக்கும்.

ஓட்டத்துக்கு முன்னால் பின்னணியில் ஓடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடுவது வழக்கம். எல்லோரும் செய்வதுதான். அப்டேட்டை மூடுவோம், பாட்டை மூடுவோம், வைரஸ் பார்க்கிறதை மூடுவோம். ஒவ்வொன்றும் பிராசசரில் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். எல்லாவற்றையும் மூடியாகிவிட்டது. காவல் மட்டும் இருந்தது. அதையும் மூடினேன்.

அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது ஓட்டம் முழுதாக ஓடி முடிந்தது. ஒரு கணம்கூடச் சரியவில்லை. திரையைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். பட்டியலில் முதலிடத்தில் என் பெயர் ஏறுகிற வரை காத்திருந்து பார்த்தேன். பனிக்கரடியே உடனே வாழ்த்து அனுப்பினான், நல்ல மனிதன். கதவைத் திறந்துகொண்டே "ஜெயிச்சுட்டேன்க்கா" என்றேன். கதவு திறந்ததும் முகத்தில் வந்து அறைந்த சூட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கட்டில் வரை போய், இன்னொரு தடவை சொன்னேன்.

ஏசியின் குழாயைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஓர் இடத்துச் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். என் பக்கத்தில் சன்னல் கிடையாது. குழாய் அக்கா பக்கத்துச் சன்னல் வரை எட்டவில்லை. கூடத்தில் விட்டால் கதவு இடுக்கு வழியாக எனக்கே திரும்பி வரும். அதனால் பிளைவுட்டுக்கு மேலே இருந்த இடைவெளியில் குழாயைச் சொருகினேன். என் பக்கத்துச் சூடு, லேப்டாப்பின் சூடு, ஏசியின் மோட்டார் சூடு எல்லாம் அது வழியாக அந்தப் பக்கம் போயிற்று. அவள் சன்னல் திறந்திருக்கிறதே, வெளியே போய்விடும் என்று நினைத்தேன். காற்றே இல்லாத மதியத்தில் அது போகாது என்று, என்னிடம் லேப்டாப் கொண்டு வருகிற யாருக்கு வேண்டுமானாலும் நானே பாடம் எடுத்திருப்பேன். குழாய் மேலே எட்டிப் பார்த்தபோது, "டேய், யானை தும்பிக்கையை நீட்டுது" என்று சிரித்தாள். அது முதல் ஓட்டத்துக்கு முன்னால்.

பிறகு செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏசியைத் தள்ளிக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினேன். டேபிள் ஃபேனை இருந்த இடத்தில் வைத்தேன். அறை குளிர்கிற வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு மூன்று வருடமாக எதுவும் தெரியாது, இருந்தும் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வந்த டாக்டர் அவளைத் தொட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு குளிர்ந்த அறையில் உடம்பு எப்படி இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டார். ஏசி தானாக நின்றுபோயிருந்தது, காவலும் வேலை செய்யவில்லை, ஹெட்போன் போட்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை, இப்போதுதான் தட்டி ஓட வைத்தேன் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

மாமா நம்பினார். நம்பியதுதான் என்னைத் தின்கிறது. பழைய ஏசியை வாங்கியது தன் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டார். லாரிக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த ஏசியைக் கூடத்துக்கு இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"எந்தப் பார்ட்டுடா போச்சு? பார்த்துச் சொல்லு. எதால அவ போனான்னு எனக்குத் தெரியணும்."

பழுதே இல்லாத ஒரு மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மாமா பக்கத்தில் குத்துக்காலிட்டு, என் கை போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியவில்லை. கட்டைவிரல் அளவு ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி, இதுதான் மாமா என்று கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனூண்டா என்றார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போகும், இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

நீங்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். காவலை வேறொரு லேப்டாப்பில் போட்டு ஓட்டியிருக்கலாமே. ஓட்டியிருக்கலாம். அலமாரி நிறைய லேப்டாப்தான். காப்பி போட எடுக்கிற நேரம்கூட ஆகாது. நான் போடவில்லை. அதற்கு வெப்பத்தை வைத்துக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் அவளைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள், மேடம். அது பொய். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியவில்லை. மூன்று வருடமாக என் காதில் அவள் இருந்தாள். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கழிவறையிலும் ஒரு காது அவளுக்காகத் திறந்தே இருந்தது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், யாரும் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அது பாவமா என்று தெரியவில்லை. காவலை மூடியதும் காதில் விழுந்த அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. மாமா போன வாரம் என்னிடம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அவ கூப்பிட்டுப் பார்த்திருப்பாடா. மைக்கு வேலை செய்யலன்னு அவளுக்குத் தெரியாதே. கேட்டும் நம்ம தம்பி வரலியேன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாளோ? அதைத்தான் என்னால தாங்க முடியல."

அக்கா அப்படி நினைத்திருக்க மாட்டாள் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். இரண்டாவது ஓட்டத்தின்போது நான் ஹெட்போன் போடவில்லை என்பதை மாமாவிடம் சொல்லவில்லை. காவலை மூடிய பிறகு ஹெட்போன் எதற்கு, கழற்றி மேசை மேல் வைத்திருந்தேன். நடுவில் இருந்தது வெறும் பிளைவுட். ஃபேன்களும் ஏசியும் இரைந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் மூன்று வருடமாக அந்த ஒரு குரலுக்கென்றே பழகிய காது, மேடம்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் பாதி ஓட்டம் வரை திறக்கவில்லை. பிறகு குண்டா என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை தம்பி என்றாள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவள் என்னை நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே திரையைப் பார்த்தேன். கோடு அசையாமல் நின்றது, முடிய இன்னும் பத்தே நிமிடம்தான் இருந்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், எனக்காக அவள் எதைத்தான் பொறுத்துக்கொள்ளவில்லை.